பழைய சிபியுவுக்குப் புது எஸ்எம்பிஎஸ்: அனுபவஸ்தன் தரும் அரிய யோசனைகள்

கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை என்றால் எடுத்த எடுப்பிலேயே எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கக் கூடாது. அது கடைசியாக வந்து சேரவேண்டிய முடிவு. அதற்கு முன் பழி போட ஆட்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். முதலில் மின்வாரியம்: நேற்று ராத்திரி லைட் இரண்டு தரம் மினுக்கியதே, அப்போதே நினைத்தேன். அடுத்து யுபிஎஸ். அதற்கடுத்து, வீட்டில் கடைசியாக அந்த மேஜையைத் துடைத்தவர். இந்த மூன்று விசாரணையும் முடிய ஒரு வாரம் ஆகும். அவசரப்படாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பரிமாறும் எஸ்எம்பிஎஸ் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. பந்தி ஒழுங்காக நடக்கிறவரை அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரே வருஷத்தில் இரண்டு எஸ்எம்பிஎஸ் வாங்கியவன் நான். 2009-ல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. கோர் 2 டூயோ இ7400, ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அப்போது இந்த வரியைச் சொன்னால் கேட்கிறவர் புருவம் உயரும். இப்போது சொன்னால் அனுதாபப்படுகிறார்கள். எங்கள் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். பராமரிப்புக் கணக்கு, தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் ரிப்பேர் பற்றிய சண்டைக் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான், பாமினி எழுத்துருவில். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். ஆகவே இந்த இயந்திரம் சாகக் கூடாது. சங்கத்தின் எதிர்க்கட்சிக்காரர்கள் இதில் மாற்றுக் கருத்து வைத்திருக்கிறார்கள்.

"பேசாம ஒரு லேப்டாப் வாங்கிடலாமேங்க" என்று மனைவி சொல்வார். காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும். மூன்றாவது மாடியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் வருவான். "அங்கிள், ஹார்டு டிஸ்கைக் கழட்டி ஒரு யுஎஸ்பி கேபிள்ல மாட்டினா டேட்டா எல்லாம் வந்துடும். பாமினியை யூனிகோடா மாத்தவும் கன்வெர்ட்டர் இருக்கு" என்பான். இப்படி ஐந்து நிமிஷத்தில் பிரச்சினையைத் தீர்க்கிறவர்களுக்குக் காபி கொடுத்து உடனே அனுப்பிவிட வேண்டும். பிரச்சினையோடு நாம் இன்னும் ஒரு மாதம் வாழ வேண்டியிருக்கிறது.

இப்போது முதலுதவி. சிபியு மண்டையில் இரண்டு தட்டு. பிறகு பின்னால் வயரைப் பிடுங்கிவிட்டு, முன்னால் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி வயரைச் சொருகிப் போட்டுப் பார்ப்பது. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், சில சமயம் இது வேலை செய்துவிடும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் முழுக்கத் தூங்குவதில்லை. ஊதா நிற வயர் வழியாக 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். ஏதோ கோளாறைக் கண்டு அது தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருந்தால், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்ததும் பூட்டு விடுபடும். இது ஒருமுறை பலித்துவிட்டால் தொலைந்தீர்கள். அதன்பின் ஆறு மாதத்துக்குத் தினமும் காலையில் அதே முப்பது விநாடி. நான் அந்த நேரத்தில் கந்த சஷ்டி கவசத்தைச் சொல்லிப் பழகினேன். பட்டனில் கை இருந்தால் வேகமாகவே சொல்ல வருகிறது.

அதுவும் பலிக்காமல் போகும் நாளில் கேபினட்டைத் திறக்க வேண்டும். உள்ளே பதினைந்து வருஷத்துத் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு, என்றோ காணாமல் போன ஒரு ஸ்க்ரூ. திறந்ததும் நாலு பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு நிச்சயம் 'பச்சையையும் கறுப்பையும் சேர்க்கிற' வித்தை தெரிந்திருக்கும். மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரின் துளையையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரின் துளையையும் ஜெம் கிளிப்பால் இணைத்தால், எஸ்எம்பிஎஸ் தனியாக ஓட வேண்டும். ஃபேன் சுற்றினால் கூட்டம் கைதட்டும். கைதட்டவிட்டு, மல்டிமீட்டரை எடுங்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பில் 4.75 முதல் 5.25-க்குள் இருக்க வேண்டும். இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. சுமையே இல்லாதபோது நேராக நிற்பவர்கள் மூட்டையைத் தூக்கியதும் எப்படி நிற்கிறார்கள் என்பது வேறு கதை.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே போகும் 230 வோல்ட், டிசியாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் வயரைப் பிடுங்கிய பிறகும் விடாமல் வைத்திருக்கக்கூடும். மேலே உள்ள காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். சின்னக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் இட்லி மாதிரி உப்பியிருந்தால் விசாரணை முடிந்தது. என்னுடையதில் நாலைந்து இட்லி இருந்தது. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு எழுத மட்டும் ஓடியதால் இத்தனை வருஷம் தாக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து எத்தனை வாட்ஸ் என்ற கேள்வி. இதற்கு நீங்கள் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும் என்பதால் எல்லோரையும் கேளுங்கள். ஐடி பையன் 750 என்றான். அவனிடம் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு எங்கள் வீட்டு மிக்சியைவிடப் பெரியது. இரண்டாவது மாடியில் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், "லோடு எவ்வளவு, ஸ்டார்ட்டிங் கரண்ட் எவ்வளவு?" என்று ஆரம்பித்து, போர்வெல் மோட்டாருக்குச் செய்கிற கணக்கைத் தாளில் போட்டுக் கொடுத்தார். கேபிள் டிவிக்காரர் 450 என்றார். ஏன் என்றதற்கு, எல்லோரும் அதான் சார் வாங்குறாங்க என்றார்.

நிஜத்தில் கணக்கு இவ்வளவுதான். இ7400 சிப்பின் வெப்ப அளவு 65 வாட்ஸ். மதர்போர்டும் ராமும் சேர்ந்து ஒரு முப்பது. ஹார்டு டிஸ்க் ஓடும்போது பத்துக்குள். டிவிடி ரைட்டர் சுழன்றால் இருபது. ஃபேனுக்கு ஒன்றிரண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அந்தக் காலத்து வண்டி, என்ன முக்கினாலும் 130 வாட்ஸைத் தாண்டாது. நாணயமான 300 வாட்ஸ் போதும். ஆனால் இதை வெளியே சொல்லாதீர்கள். 'முந்நூறு போதும்' என்று சொல்கிறவரை எந்தக் கடையிலும் மதிப்பதில்லை.

இந்த ஞானத்தோடு ரிச்சி தெருவுக்குப் போகலாம். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி காசினோ தியேட்டர் பக்கமாக நடந்தால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர்தான் தரிசனம் தரும். மற்ற நாட்களில், தெருவுக்குள் கால் வைத்ததுமே "என்ன சார் வேணும், சிசிடிவியா, ரிமோட்டா, டோனரா?" என்று விசாரிப்பார்கள். எஸ்எம்பிஎஸ் என்று சொல்லிவிடக் கூடாது. சும்மா பார்க்க வந்த மாதிரி நரசிங்கபுரம் தெருவரை போய்விட்டுத் திரும்ப வேண்டும். திரும்பும்போது கையில் தேவையில்லாத ஒரு ஸ்பைக் பஸ்டரும், எதற்கென்றே தெரியாத இரண்டு கேபிளும் இருக்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

நான் நுழைந்த கடையில் நடந்த உரையாடல்:

"எஸ்எம்பிஎஸ் வேணும்ங்க."

"லோக்கலா, கம்பெனியா?"

"என்ன விலை?"

"லோக்கல் அறுநூத்தம்பது. கம்பெனி ரெண்டாயிரத்து நானூறு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆயிரத்து எழுநூத்தம்பது ரூபா சார்."

மறுக்க முடியாத பதில். லோக்கல் என்றால் பெயரில்லாதது என்று நினைக்காதீர்கள். அதற்கும் பெயர் உண்டு, பளபளக்கும் அட்டைப் பெட்டி உண்டு, பெட்டியில் நெருப்பு கக்கும் டிராகன் உண்டு. அந்த டிராகன் எச்சரிக்கைப் படமாகவும் இருக்கலாம் என்று எனக்குப் பிற்பாடு தோன்றியது.

"இது எத்தனை வாட்ஸ்?"

"உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"ஒரு 450."

"இது 450 சார்."

"500 இருக்கா?"

கையை நீட்டிப் பக்கத்து அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே பெட்டி, அதே டிராகன், கண் மட்டும் கொஞ்சம் சிவப்பு. ஐம்பது ரூபாய் கூடுதல். ஒரு வாட்ஸ் ஒரு ரூபாய் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். பேரம் பேசத் தோன்றாத நியாயமான விலை.

உங்களுக்கு நான் சொல்லும் முக்கியமான யோசனை: எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கவே படிக்காதீர்கள். படித்தால் நிம்மதி போய்விடும். நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். 3.3 வோல்ட்டில் 22 ஆம்பியர், அதாவது 72.6 வாட்ஸ். 5 வோல்ட்டில் 25 ஆம்பியர், 125 வாட்ஸ். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர், 180 வாட்ஸ். மைனஸ் 12-க்கு 6, அந்த ஊதா வயருக்கு 10. சங்கக் கணக்கு எழுதிப் பழகிய கை. இரண்டு தரம் கூட்டினேன். 393.6 வந்தது. சீட்டின் தலைப்பில் 450 என்று கொட்டை எழுத்து. பாக்கி 56.4 வாட்ஸ் எங்கே என்று கேட்டால் டிராகன் வாயைத் திறந்தபடியேதான் இருக்கிறது. இந்தக் கணக்கே தாராளக் கணக்கு, 3.3-ஐயும் 5-ஐயும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டும் ஒரே சட்டியிலிருந்து பரிமாறப்படுகிறவை. பொதுக்குழுவில் இப்படி ஒரு கணக்கை நான் வைத்திருந்தால் செயலாளர் பதவி அன்றைக்கே போயிருக்கும்.

இதில் நமக்கு வேண்டிய எண் அந்த 12 வோல்ட் எண்தான். பென்டியம் 4 வந்த 2000-லிருந்து, சிபியு சிப்புக்கான கரண்ட் ஒரு சதுரமான நாலு துளைக் கனெக்டர் வழியாக 12 வோல்ட்டில் போக ஆரம்பித்தது. அதனால் 2009 வண்டிக்காரர்கள் மஞ்சள் வயரைப் பார்த்தால் போதும். உங்களுடையது அதற்கும் முந்தைய பென்டியம் 3 காலத்துப் பெரியவர் என்றால் கதை தலைகீழ். அவற்றில் பெரும்பாலானவை 5 வோல்ட்டைத்தான் வாரிச் சாப்பிடும். இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் 12 வோல்ட் கொழுத்தும் 5 வோல்ட் இளைத்தும் இருக்கும். 'புதுசு, 600 வாட்ஸ்' என்று வாங்கிக்கொண்டு போய்ப் பெரியவருக்கு மாட்டினால், சர்க்கரை நோயாளிக்கு அதிரசத் தட்டை நீட்டிய மாதிரி. தட்டு நிறைய இருக்கும், அவர் சாப்பிடக்கூடியது இருக்காது. பழைய ஐஎஸ்ஏ கார்டு சிலவற்றுக்கு வேண்டிய மைனஸ் 5 வோல்ட், அந்த வெள்ளை வயர், இருபது வருஷத்துக்கு முன்பே வழக்கொழிந்துவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் வந்த டெல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கனெக்டர் அச்சு அசலாகப் பொதுத் தரமான ஏடிஎக்ஸ் மாதிரியே பொருந்தும். உள்ளே வயர்கள் போகும் துளை மட்டும் வேறு. சொருகினால் பொருந்தும், போட்டால் மதர்போர்டு போகும். 1995-ல் ஏடிஎக்ஸ் வருவதற்கு முந்தைய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அதை வரவேற்பறையில் வைத்து மாலை போடுங்கள்.

எடை. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் தூக்கிப் பாருங்கள். தாமிரச் சுருளுக்கும், அலுமினியத் தகடுக்கும், நல்ல கெபாசிட்டருக்கும் கனம் உண்டு. அவற்றை வைக்காமல் விட்டால் பெட்டி பூந்திப் பொட்டலம் போலத் தூக்கும். லோக்கல் சரக்கு பலவற்றில், மின்வரத்தில் வரும் அழுக்கை வடிகட்டும் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் பற்ற வைத்திருப்பார்கள். பலகையில் இடம் மட்டும் அச்சடித்து, ஆள் வராத கல்யாண நாற்காலி மாதிரி விட்டிருக்கும். இந்த எடை ரகசியம் வெளியே தெரிந்துவிட்டதால், உள்ளே வெறும் இரும்புத் துண்டை வைத்துக் கனம் கூட்டுகிற மகானுபாவர்களும் உலகத்தில் உண்டு. ஆகவே தூக்கிப் பார்ப்பதும் முழுப் பரீட்சை இல்லை. ஆனால் லேசாக இருப்பது நல்லதாக இருந்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் தெரிந்தபின் நான் எதை வாங்கினேன் என்று கேட்காதீர்கள். எல்லாம் தெரிந்தது வாங்கிய பிறகுதான் என்று முன்பே சொல்லிவிட்டேன். அறுநூற்றைம்பது ரூபாய் டிராகன் எங்கள் வீட்டுக்கு ஆடியில் வந்தது, ஆவணியில் போனது. நடுவில் ஒரு பொதுக்குழுக் கூட்டத்துக்கு வரவு செலவு அடித்துக் கொடுத்தது. போகும்போது 'டப்' என்று ஒரு சத்தமும், கருகிய வாசனையும். மதர்போர்டைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த வகையில் நன்றியுள்ள ஜீவன்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சின்ன சிவப்பு ஸ்விட்ச் சிலவற்றில் இருக்கும். இப்போதைய நல்லவற்றில் பெரும்பாலும் இருக்காது, தானாகவே பார்த்துக்கொள்ளும். இருந்தால், அது 230-ல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், விரலால் பார்க்காதீர்கள். 115 என்பது அமெரிக்கா போன்ற ஊர்களுக்கு. அந்தப் பக்கம் தள்ளினால் உள்ளே வரும் வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கும் ஏற்பாடு வேலை செய்யும். நம் ஊர் 230-ஐ இரட்டித்தால் 650 வோல்ட். ஒவ்வொன்றும் 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெபாசிட்டர்கள் அதை என்ன செய்யும்? ஐப்பசி வரை காத்திருக்காமல் தீபாவளி கொண்டாடும்.

இரண்டாம் தடவை போனபோது கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸே கேட்டேன். இப்போது உலோகம் பற்றிய பேச்சு வந்தது. 80 பிளஸ், அதில் பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம். ஒலிம்பிக்ஸும் நகைக்கடையும் சேர்ந்த மாதிரி. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் விஷயம். மீதி வெப்பமாகிச் சென்னைக்கு மேலும் வெப்பம் சேர்க்கும். சாதா 80 பிளஸ் என்றால், கம்ப்யூட்டருக்கு 100 வாட்ஸ் கொடுக்கச் சுவரிலிருந்து 125-க்கு மேல் எடுக்காது. பிரான்ஸ் பாதிச் சுமையில் 85 சதவீதம், கோல்டு 90. என் 130 வாட்ஸ் வண்டியைத் தினம் நாலு மணி நேரம் உச்சத்தில் ஓட்டினாலும், கோல்டால் மிச்சமாவது வருஷத்துக்குச் சுமார் 12 யூனிட்தான். வீட்டுக்குப் போன் செய்து, "கோல்டு வாங்கட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு கணம் நிலவிய மகிழ்ச்சியை நான் கெடுத்திருக்கக் கூடாது. பிரான்ஸ் வாங்கிக்கொண்டேன்.

"பில் வேணுமா சார்?" என்பார்கள். கேள்வி தொனிக்கும் விதத்தில், பில் என்பது உடம்புக்கு ஆகாத பண்டம் போலத் தோன்றும். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். வாங்குங்கள். பில் இல்லாத ஐந்து வருஷ வாரண்டியை அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

மாட்டுவது சுலபம். பின்னால் நாலு ஸ்க்ரூ. கழற்றும்போது நாலு, மாட்டும்போது மூன்று. தேடாதீர்கள், மூன்றே தாங்கும். பழைய மதர்போர்டில் 20 துளை இருக்கும், புது எஸ்எம்பிஎஸ்ஸில் 24. கடைசி நாலு துளைத் துண்டு தனியாகக் கழன்று வரும். அதற்குப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது அந்தச் சதுர நாலு துளைக்கு. அதை மறந்தால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது. மறக்காமல் தேடுகிறவர்கள், எட்டு துளைக் கனெக்டர் ஒன்றைப் பார்த்து, 'இதுதான் போல' என்று கிராஃபிக்ஸ் கார்டுக்கானதைப் பிடித்து அழுத்துவார்கள். போகாது. போகாததைப் போக வைக்கும் வீரம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். சிபியு என்றே எழுதியிருக்கும் எட்டு, இரண்டாகப் பிரியும். ஒரு பாதியைச் சொருகுங்கள். பழைய டிவிடி ரைட்டருக்கு மோலெக்ஸ் கனெக்டர் வேண்டும், புதியதில் அது இரண்டுதான் இருக்கும். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஐம்பது ரூபாய் வயர்களில் அச்சில் வார்த்த தலை உள்ளவை உள்ளுக்குள் உரசித் தீப்பிடித்த கதைகள் நிறைய. ஹார்டு டிஸ்கை நேரடியாகவே மாட்டிவிடுங்கள்.

எல்லாம் மாட்டிப் பவர் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. முப்பது விநாடி, கவசம், இரண்டு தட்டு. ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்து நானூறு ரூபாயும் ஜிஎஸ்டியும். இந்தக் கட்டத்தில் சர்வீஸ் பையனைக் கூப்பிட வேண்டும். வந்தான். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் கையை விட்டு ஒரு ஸ்விட்சைத் தட்டினான். கம்ப்யூட்டர் ஒரு 'பீப்' சொல்லி எழுந்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஸ்விட்சே கிடையாது. புதியதில் ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். வட்டம் ஆங்கில 'ஓ', 'ஆன்' என்ற சொல்லின் முதல் எழுத்து அதுதானே என்று நான் அந்தப் பக்கமே அழுத்தி வைத்திருந்தேன். "கோடுதான் ஆன் சார்" என்றான். முந்நூறு ரூபாய். ஒரு கோட்டுக்கு அது அதிகம்தான்.

மறுநாள் ஒரு புகார். "ஏங்க, சிபியுவைத் தொட்டா சுர்ருங்குது. பழசு இப்படி அடிச்சதே இல்லையே." பார்த்தீர்களா, காசு கொடுத்து வாங்கியதுதான் ஷாக் அடிக்கிறது. மின்வாரியத்தவர் டெஸ்டரோடு இறங்கி வந்தார். கேபினட்டில் வைத்தார், லேசாக எரிந்தது. பிளக் பாயிண்டைத் திறந்தார். அந்த மேல் துளை, எர்த் துளை, எதனோடும் சேர்ந்திருக்கவில்லை; அழகுக்கு இருந்தது. அவர் விளக்கினார்: நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் வடிகட்டியின் பாகமாக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உடம்புக்கு இரண்டு குட்டிக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அவற்றில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் உடம்பு 230-ல் பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். கரண்ட் மிகச் சொற்பம், ஆனால் சுர்ரென்னும். டிராகனில் அந்தக் கெபாசிட்டரே இல்லாததால் அது அடிக்கவில்லை. கட்டிய நாளிலிருந்து இந்த அறையில் எர்த் இல்லை என்ற செய்தியை டிராகன் கடைசிவரை மறைத்தே வைத்திருந்தது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பரிகாரம், கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அந்தக் கட்டடத்துக்கே எர்த் சரியில்லை என்றார். இப்போது அது பொதுக்குழுவின் அடுத்த கூட்டத்துக்கான முதல் பொருள்.

யுபிஎஸ் பற்றி ஒரு வரி. பழைய 600 விஏ யுபிஎஸ் கரண்ட் போனதும் சதுர அலைதான் கொடுக்கும். புது எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது பிடிக்காது, பொசுக்கென்று படுத்துவிடும். என்னுடையதற்கும் பிடிக்கவில்லை. ஆகவே கரண்ட் போனால் கணக்கும் போகும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் சேமித்துக்கொள்கிறேன்.

செத்த எஸ்எம்பிஎஸ்களை என்ன செய்வது? எதற்காவது உதவும் என்று பரணில் ஏற்றி வைக்க வேண்டும். எதற்கும் உதவாது என்று அடுத்த போகிக்கு இறக்க வேண்டும். அப்படித்தான் இறக்கினேன். பழைய இரும்புக்காரர் வந்தார். இலவசமாக வந்த 2009-ஐ ஒரு கையிலும், டிராகனை ஒரு கையிலும் தூக்கினார். சீட்டைப் பார்க்கவில்லை. வாட்ஸைக் கேட்கவில்லை. 2009-ஐ நேராகத் தராசில் வைத்தார். டிராகனை மட்டும் கையிலேயே வைத்து இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டினார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "உள்ள இருந்ததை எல்லாம் கழட்டி எடுத்துட்டுக் கொடுக்கறீங்களே சார்" என்றார். நான் எதையும் கழற்றவில்லை, வாங்கியதே அப்படித்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை.